எண்ணிக்கையில் உண்டு, பட்டியலில் இல்லை

ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சாள் தேர்தல் இரவுகளில் தவறாமல் போன் எடுப்பாள். 2015 ஒக்டோபர் 19ஆம் திகதி இரவு, கனடாப் பொதுத் தேர்தலின் முடிவுகள் வந்துகொண்டிருக்கும்போதே எடுத்துவிட்டாள். "எடி, இனி நீங்கள் பிரதமரின்ர தொகுதியில இருக்கிற ஆக்கள். உங்களுக்கு என்ன குறை?" என்றாள். சந்தோஷத்தில்தான் சொன்னாள், நானும் சந்தோஷமாகத்தான் கேட்டேன். ஆனால் போனை வைத்த பிறகு 'பிரதமரின்ர தொகுதி' என்ற அந்தச் சொல் பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி உறுத்தத் தொடங்கியது. ஏன் என்று அப்போது சரியாகத் தெரியவில்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் இதே தொகுதியில் தெருத் தெருவாகப் படி ஏறி இறங்கிக் கதவு தட்டியிருந்தேன். அந்தக் கதவுகளுக்கும் இந்தச் சொல்லுக்கும் ஏதோ பொருந்தவில்லை என்று மட்டும் தோன்றியது. பத்து வருஷம் கழித்து, 2025 ஏப்ரல் 28ஆம் திகதி இரவும் அவள் எடுத்தாள். எங்கள் தொகுதியின் எம்.பியும் பிரதமருமாக இருந்த ஜஸ்டின் ட்ரூடோ அரசியலை விட்டுப் போய்விட்டார், பெயர் வாக்குச்சீட்டில் இல்லை. "இனி உங்கட தொகுதியை ஆர் திரும்பிப் பாக்கப் போகினம்?" என்று உண்மையான கவலையோடு கேட்டாள். பழைய உறுத்தல் மறுபடி வந்தது. இந்த முறை அதை எழுதிப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

எங்கள் தொகுதியின் பெயர் பாப்பினோ. பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தில், மொன்றியல் தீவின் நடுவில், சுமார் பத்து சதுர கிலோமீட்டர். நல்ல செருப்பு இருந்தால் ஒரு காலையில் குறுக்கே நடந்து முடித்துவிடலாம். மேற்கே பார்க் எக்ஸ்டென்ஷன், நடுவில் வில்ரே, கிழக்கே சென் மிஷெலின் ஒரு பகுதி. பார்க் எக்ஸ்டென்ஷன் என்று யாரும் முழுதாகச் சொல்வதில்லை, பார்க் எக்ஸ்தான். பார்க் அவெனியூவின் நீட்சி என்பதால் வந்த பெயர். கிரேக்கர்கள் வந்து குடியேறி, கடை வைத்து, வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிப்பித்து, லவால் என்ற புறநகர்ப் பக்கம் போனார்கள். அவர்கள் விட்ட வீடுகளுக்கு நாங்களும் பஞ்சாபிகளும் வங்காளதேசக்காரரும் பாகிஸ்தானியரும் வந்தோம். எண்பதுகளில் மிராபெல் விமான நிலையத்தில் இறங்கிய எங்கள் ஆட்கள் எத்தனையோ பேருக்குக் கனடாவில் முதல் முகவரி இந்த மொன்றியல்தான். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 ஈழத் தமிழரை மீன்பிடிகாரர்கள் கரை சேர்த்தார்களே, அவர்களிலும் ஒரு பகுதியினர் மொன்றியலுக்குத்தான் வந்தார்கள். பிறகு பிரெஞ்சுக்குப் பயந்தும் உறவுகளைத் தேடியும் பலர் ரொறன்ரோவுக்குப் போனார்கள். போகாமல் நின்றவர்களின் வீடு நாங்கள். பிள்ளைகள் பள்ளியில் பிரெஞ்சும், தெருவில் ஆங்கிலமும், சாப்பாட்டு மேசையில் தமிழும் பேசிக்கொண்டு வளர்கிறார்கள்.

பார்க் எக்ஸின் அமைப்பைச் சொல்லாமல் மற்றதெல்லாம் விளங்காது. வடக்கே 40ஆம் நெடுஞ்சாலை. கிழக்கே ரயில் தண்டவாளம், அதற்கு அப்பால்தான் ஜாரி பூங்கா. தெற்கேயும் தண்டவாளம். மேற்கே லக்கடி சாலையும் ஒரு வேலியும். வேலியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நாலு பக்கமும் அடைபட்ட இந்த ஒன்றரைச் சதுர கிலோமீட்டர் சொச்சத்துக்குள் முப்பதாயிரம் பேர் அளவில் இருக்கிறோம். கனடாவிலேயே மிக நெருக்கமான குடியிருப்புகளில் ஒன்று. வில்ரே இதைவிட ஆறுதலான இடம், மரங்களும் கபேக்களும் அதிகம். ஜாரி பூங்காவில்தான் ஒருகாலம் எக்ஸ்போஸ் அணியினர் பேஸ்போல் விளையாடினார்கள், 1984இல் போப்பாண்டவர் வந்து திருப்பலி நடத்தினார். சென் மிஷெல் பக்கம் ஹெயிட்டி மக்கள், வட ஆபிரிக்காவின் மக்ரெப் நாடுகளின் மக்கள். ஒரே மண்ணை மத்திய அரசு பாப்பினோ என்கிறது. மாகாணத் தேர்தலில் பார்க் எக்ஸ் லோரியே டோரியோன் தொகுதிக்குள் வருகிறது. நகரசபையோ மூன்று ஊர்ப் பெயர்களையும் கோர்த்து ஒரே பெயராக்கி வைத்திருக்கிறது. அந்தப் பெயரை ஒரு மூச்சில் சொல்லக்கூடியவர் இங்கே குறைவு.

1949இலிருந்து இங்கே தேர்தல் நடக்கிறது. லிபரல் கட்சியின் கோட்டை என்பார்கள், பெரும்பாலும் அப்படித்தான். ஆந்த்ரே வெலே 1967இல் வந்து ஏறத்தாழ முப்பது வருஷம் இருந்தார். பிறகு பியேர் பெத்திக்ரூ. 2006இல் அவரை, கியூபெக் தனிநாடு கேட்கும் ப்ளொக் கியூபெக்குவா கட்சியின் சார்பில் நின்ற விவியன் பார்போ ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தோற்கடித்தார். ஹெயிட்டியில் பிறந்த பெண். 2008இல் ஜஸ்டின் ட்ரூடோ அவரை 1,189 வாக்குகளில் வென்றார். இந்த 1,189ஐ நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பார்க் எக்ஸின் இரண்டு மூன்று தெருக்கள் முழுவதும் வாக்களித்திருந்தால், அல்லது வாக்களிக்காமல் விட்டிருந்தால், நாட்டின் கதையே வேறு மாதிரிப் போயிருக்கலாம்.

கதவு தட்டும் வேலை

2015 தேர்தலில் நான் எந்தக் கட்சிக்கும் வேலை செய்யவில்லை. வாக்காளர் பட்டியலைத் திருத்தும் தற்காலிக வேலைக்கு ஆள் எடுத்தார்கள், போனேன். ஆட்கள் அடிக்கடி வீடு மாறும் இடங்களில் வீடு வீடாகப் போய் விடுபட்ட வாக்காளர்களைச் சேர்க்கும் வேலை. கியூபெக்கில் ஜூலை 1 என்றால் கனடா தினம் என்பதற்கு முன்னால் வீடு மாறும் நாள். லீஸ்கள் பெரும்பாலும் ஜூன் 30இல் முடியும். அன்றைக்குத் தெரு முழுக்க மெத்தையும் குளிர்சாதனப் பெட்டியும்தான் நிற்கும். அதனால் ஜூலைக்குப் பிறகு வரும் எந்தத் தேர்தலுக்கும் பார்க் எக்ஸின் பட்டியல் பாதி பழையதாக இருக்கும். மூன்றரை வீட்டில் இருந்தவர் நாலரை வீட்டுக்குப் போயிருப்பார். நாலரையில் இருந்தவர் நகரத்தை விட்டே போயிருப்பார். (ஊருக்குப் புதியவர்களுக்கு: இங்கே அறைகளை எண்ணும் முறை அது. அரை என்பது குளியலறை.)

இந்த வேலைக்கு எப்போதும் இரண்டு பேராகத்தான் அனுப்புவார்கள். எனக்குத் துணையாக வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு கிரேக்க அம்மா. பார்க் எக்ஸிலேயே வளர்ந்தவர், இன்னும் இங்கேதான் இருக்கிறார். அவர் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கிரேக்கத்திலும் பேசுவார், நான் தமிழிலும் கொஞ்சம் இந்தியிலும். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு மாடி வீட்டின் எல்லாக் கதவுகளையும் சமாளித்துவிடுவோம். கேள்விகள் மூன்றே மூன்று. நீங்கள் கனடியப் பிரஜையா? தேர்தல் நாளில் பதினெட்டு வயது ஆகியிருக்குமா? இந்த முகவரியில்தான் இருக்கிறீர்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் அடையாள அட்டையைப் பார்த்துப் படிவத்தில் எழுத வேண்டும். முதல் கேள்விக்கு இல்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கதவு.

முதல் நாள் மாலையே எனக்கு ஒன்று புரிந்தது. ஹட்சிசன் தெருவில் ஒரு கட்டடம், ஆறு கதவு. நாலு கதவில் முதல் கேள்வியோடு வேலை முடிந்துவிட்டது. மாணவர் அனுமதியில் வந்த பையன்கள் ஒரு வீட்டில் ஐந்து பேர். வேலை அனுமதியில் இருந்த ஒரு பஞ்சாபித் தம்பதி. அகதிக் கோரிக்கை விசாரணைக்குக் காத்திருந்த ஒரு குடும்பம். வந்து இரண்டு வருஷமான நிரந்தர வதிவிடக்காரர். எல்லாரும் கதவைத் திறந்தார்கள், எல்லாரும் பேசினார்கள். சுவரில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, வீட்டுக்காரர் கவனிக்கிறார் இல்லை, நீங்கள் அரசாங்கத்து ஆட்கள்தானே, ஒருக்கால் வந்து பாருங்கள் என்று ஒரு அம்மா கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். குசினிச் சுவர் கறுத்துக் கிடந்தது. வாடகை மாகாணத்தின் விஷயம், வீட்டுப் பரிசோதனை நகரசபையின் விஷயம், நாங்கள் வந்தது மத்திய அரசின் பட்டியலுக்கு என்று நான் விளக்கினேன். சொல்லும்போதே என் வார்த்தைகள் எனக்கே பிடிக்கவில்லை. அந்த அம்மாவும் வாக்காளர் இல்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு ஆள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறார், அவரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது.

வேலி

ஒரு சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் கிரேக்க அம்மா என்னை லக்கடி சாலைக்குக் கூட்டிப் போனார். நான் பல வருஷமாகப் பார்த்த வேலிதான், ஆனால் அவரோடு நின்று பார்த்தது வேறு. லக்கடி சாலையின் மேற்கு ஓரம் முழுக்கக் கம்பி வேலி, அதை மூடி வளர்ந்த செடிவேலி, நடுவே நடந்து போகச் சிறு வாசல்கள். 1960இல் மவுண்ட் ரோயல் நகரம் போட்டது. வேகமாகப் போகும் வாகனங்களிடமிருந்து பிள்ளைகளைக் காப்பாற்ற என்று காரணம் சொன்னார்கள். அந்தப் பக்கம் பெரிய புல்வெளியோடு தனித்தனி வீடுகள், இந்தப் பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக நாங்கள். ஹாலோவீன் இரவில் அந்த வாசல்களைப் பூட்டிய காலமும் உண்டு, இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மிட்டாய் கேட்டு வந்துவிடக் கூடாது என்று.

"என் அம்மா இந்த வாசலால்தான் வேலைக்குப் போவார்," என்றார். அந்தப் பக்கத்து வீடுகளைத் துப்புரவாக்கும் வேலை. காலையில் போகும்போது வாசல் திறந்திருக்கும், அதை யாரும் பூட்டுவதில்லை. அவர் கோபமில்லாமல்தான் சொன்னார். கேட்ட எனக்குத்தான் கோபம் வந்தது.

அந்த வேலியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் மவுண்ட் ரோயல் தொகுதி. 1965இலிருந்து 1984வரை ஜஸ்டினின் அப்பா பியேர் ட்ரூடோ பாராளுமன்றத்துக்குப் போனது அங்கேயிருந்து. அப்பாவின் தொகுதி வேலிக்கு அந்தப் பக்கம், மகனின் தொகுதி இந்தப் பக்கம். 2007இல் மகன் இங்கே கட்சி நியமனத்துக்கு நின்றபோது பார்க் எக்ஸின் நகரசபை உறுப்பினர் மேரி டெரோஸும் எதிரே நின்றார். பெரிய பெயருக்குத் தொகுதி தட்டில் வைத்துக் கொடுக்கப்படவில்லை, அவர் உறுப்பினர்களிடம் வாக்குக் கேட்டு வென்றுதான் வந்தார். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். 2015 வெற்றிக்கு மறுநாள் காலை அவர் ஜாரி மெட்ரோ வாசலில் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கைகொடுத்தாரே, அந்தக் காலையில் எங்கள் மாடிக்குக் கீழே இருந்த வங்காளதேசத்து மாணவப் பையனும் அவ்வழியே போயிருக்கிறான். செல்பேசியில் படம் காட்டினான். யாரும் அவனிடம் நீ பிரஜையா என்று கேட்கவில்லை. அந்தப் படம் எனக்குப் பிடித்திருந்தது. அவன் அதை டாக்காவில் இருந்த அம்மாவுக்கு அனுப்பினான்.

மூன்றாம் மாடி

இனி நான் சொல்ல வந்த கதவு. கேர்ப் தெரு, வெளியே இரும்புப் படி, மூன்றாம் மாடி. பின்னேரம் ஏழு மணி இருக்கும். கதவைத் திறந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். எங்கள் அட்டையைப் பார்த்துவிட்டு, பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தமிழோ தங்கச்சி?" என்றார். வன்னிப் பேச்சு. உள்ளே வரச் சொன்னார். இரண்டு அறையில் நாலு பேர், எல்லாரும் ஆண்கள், எல்லாரும் வேலைக்குப் போய் வந்த களைப்பில். கிரேக்க அம்மாவுக்கு ஒரு கதிரை துடைத்துப் போட்டார், தேத்தண்ணி போட்டார். சட்டப்படி வேலை நேரத்தில் நாங்கள் அப்படி உட்காரக் கூடாது. உட்கார்ந்தோம்.

நான் முதல் கேள்வியைக் கேட்டேன். "இல்லைத் தங்கச்சி," என்றார். 2010இல் வந்தவர். கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, மனிதாபிமான அடிப்படையில் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வவுனியாவில். சின்னவளை ஐந்து வயதில் விட்டுவிட்டு வந்தது. சரி அண்ணை, நன்றி என்று படிவத்தை மூடினேன். அவர் மூட விடவில்லை. கோபமாக இல்லை, விளங்கிக்கொள்ள வேண்டும் என்ற குரலில் கேட்டார்.

"சனத்தொகை எடுக்க வந்தவை எங்களையும் எழுதினவையெல்லோ. இந்த வீட்டில எத்தினை பேர், என்ன வயது, என்ன மொழி எண்டு எல்லாம் கேட்டு எழுதினவை. அதுக்கு நாங்கள் ஆக்கள். இதுக்கு மட்டும் ஏன் ஆக்கள் இல்லை?"

பிரஜாவுரிமை இருந்தால்தான் வாக்கு என்றேன். "அது தெரியும். நான் வாக்குக் கேக்கேல்லைத் தங்கச்சி. என்ர பேரை உங்கட கொப்பியில ஒரு ஓரத்திலயாவது எழுதிவிடுங்கோ எண்டு கேக்கிறன். இந்தத் தொகுதியில இந்த வீட்டில இருக்கிறம் எண்டு அந்த எம்.பிக்குத் தெரியத்தானே வேணும்?" கிரேக்க அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுத முடியாது என்று சொல், ஆனால் அவர் கேட்டது சரி என்றும் சொல் என்றார். அப்படியே சொன்னேன். படி இறங்கும்போது இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு மிச்சமிருந்த கதவுகளை நாங்கள் தட்டவில்லை, மறுநாள்தான் போனோம்.

எதை வைத்துத் தொகுதி

அவர் கேட்டதற்குப் பதில் எனக்குக் கிடைக்கப் பல வருஷம் ஆனது. தொகுதி எல்லைகளைப் புதிதாக வரையும் வேலை 2022இல் நடந்தபோது, எல்லை எங்கே போகிறது என்று பார்க்கத்தான் அந்த ஆவணங்களைத் திறந்தேன். கியூபெக்குக்கு 78 ஆசனம். 77ஆகக் குறைந்திருக்கும், பாராளுமன்றம் சட்டம் போட்டு 78ஐக் காப்பாற்றியது. 2021 சனத்தொகையை 78ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்கு 108,998 பேர். இதிலிருந்து 25 சதவீதம் கூடலாம், குறையலாம். அந்த 108,998 பேர் என்பது வாக்காளர் இல்லை, ஆக்கள். தொட்டிலில் கிடக்கிற குழந்தை, மாணவப் பையன், வேலை அனுமதிக்காரர், அகதிக் கோரிக்கையாளர் எல்லாரும் அதில் உண்டு. அந்த வரியை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். மூன்றாம் மாடியில் இருந்த நாலு பேரும் தொகுதிக்குள் இருந்தார்கள் என்பது மட்டுமில்லை, தொகுதி என்ற ஒன்று இந்த அளவில் இங்கே இருப்பதற்கே அவர்களும் காரணம். பிரஜைகளை மட்டும் எண்ணினால் பாப்பினோவைப் போன்ற இடங்கள் இன்னும் பெரிதாக நீட்டப்பட்டு, பார்க் எக்ஸ் அதில் ஒரு மூலையாகிவிடும். என் வாக்குக்கு இங்கே கிடைக்கும் கனத்தில் ஒரு பங்கு, வாக்கில்லாத என் அயலவர்கள் தந்தது.

இதை விளங்கிக்கொண்ட பிறகு மச்சாளின் சொல் ஏன் உறுத்தியது என்று தெரிந்தது. 'பிரதமரின்ர தொகுதி' என்றால் அது ஒருவருக்குச் சொந்தமான காணி மாதிரி ஆகிவிடுகிறது. 'வாக்காளரின் தொகுதி' என்று திருத்தினாலும் போதாது. கிரெமாசி சாலையில் இருந்த தொகுதி அலுவலகத்துக்கு ஒருமுறை பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் துணையாகப் போயிருக்கிறேன். அங்கே காத்திருந்தவர்கள் கையில் இருந்த கோப்புகள் பெரும்பாலும் குடிவரவுக் கோப்புகள். மனைவியின் விசா, நிரந்தர வதிவிட அட்டை, பிள்ளையின் பயண ஆவணம். அதாவது ஒரு எம்.பியின் அலுவலகம் நாள் முழுக்க யாருக்காக வேலை செய்கிறதோ, அவர்களில் பலர் அந்த எம்.பிக்கு வாக்களிக்க முடியாதவர்கள். அலுவலகத்தில் வேலை செய்த பிள்ளைகள் நல்லபடியாகத்தான் பேசினார்கள், எழுதிக்கொண்டார்கள். வாக்கில்லை என்று யாரையும் திருப்பி அனுப்பவில்லை. ஆக, அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கிற ஒன்று எங்கள் தேர்தல் பேச்சுகளுக்குத் தெரியவில்லை. பிரசாரக்காரர்கள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள், பேர் இருக்கிற கதவைத் தட்டுகிறார்கள், பேர் இல்லாத கதவைத் தாண்டிப் போகிறார்கள். நேரம் குறைவு, காரணம் விளங்குகிறது. ஆனால் பார்க் எக்ஸில் அப்படித் தாண்டிப் போனால் ஒரு தெருவில் எத்தனை கதவு மிஞ்சும்?

2017இல் அமெரிக்க எல்லையில் இருக்கும் ரோக்ஸம் சாலை வழியாக ஹெயிட்டி மக்கள் ஆயிரக்கணக்கில் வந்தபோது, ஒலிம்பிக் விளையாட்டரங்கில் படுக்கை போட்டார்கள். பிறகு அவர்களில் பலர் சென் மிஷெலுக்கும் பார்க் எக்ஸுக்கும் வந்தார்கள். 2020 வசந்தத்தில் முதியோர் இல்லங்களில் கொரோனா பரவியபோது, எங்கள் தெருப் பெண்கள் காலை ஐந்தரைக்கு முகக்கவசத்தோடு பேருந்துக்கு நின்றதை யன்னலால் பார்த்திருக்கிறேன். எங்கள் கட்டடத்திலும் இரண்டு பேர், கோரிக்கை முடியாதவர்கள், முதியோரைத் தூக்கிக் கழுவிச் சாப்பாடு தீத்துகிற வேலை. மாகாண முதல்வர் அந்த வேலைக்காரரைக் காவல் தேவதைகள் என்றார். அந்த வருஷம் டிசெம்பரில் மத்திய அரசு அவர்களுக்கு நிரந்தர வதிவிடத்துக்கு ஒரு தனி வழியைத் திறந்தது. வாக்கில்லாதவர்களுக்காகப் பலர் கத்தியதால் நடந்தது அது. நடக்காமலும் போயிருக்கலாம். ஒரு நோயாளியைக் கழுவியவரும் அதே இல்லத்தின் சமையலறையில் நின்றவரும் ஒரே ஆபத்தில்தான் நின்றார்கள், ஆனால் வழி முதலாமவருக்கு மட்டும் திறந்தது. அந்தக் கோட்டைப் போட்டவர்களை எதிர்த்து வாக்களிக்க இரண்டாமவருக்கு உரிமையும் இல்லை.

எல்லாருக்கும் நாளைக்கே மத்திய அரசில் வாக்குக் கொடு என்று நான் சொல்ல வரவில்லை. பிரஜாவுரிமைக்குக் காத்திருந்து, சத்தியப்பிரமாணம் எடுத்த அன்று அழுதவள் நான். அந்தக் காத்திருப்புக்கு ஒரு பொருள் இருக்கிறது. ஆனாலும் இது கல்லில் பொறித்த விதி இல்லை என்பதும் உண்மை. 1970களின் நடுப்பகுதி வரைக்கும் பிரித்தானியக் குடிகள் கனடியப் பிரஜாவுரிமை இல்லாமலே இந்த நாட்டில் வாக்களித்தார்கள். யார் பட்டியலில் வரலாம் என்ற கோடு பல முறை இடம் மாறியிருக்கிறது. நகரசபைத் தேர்தலிலாவது நிரந்தர வதிவிடக்காரர்களுக்கு வாக்கு வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். ரொறன்ரோ நகரசபை 2013இலேயே இதை மாகாணத்திடம் கேட்டது, கிடைக்கவில்லை. பூஞ்சணம் பிடித்த சுவரும் குப்பை எடுக்கும் நாளும் பூங்காவின் விளக்கும் நகரசபையின் விஷயங்கள். அந்தச் சுவரோடு இரவு படுக்கிறவருக்கு அதில் ஒரு வாக்குக்கூட இல்லை என்பதற்கு நியாயமான ஒரு காரணத்தை இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

2019இல் தண்டவாளத்துக்குத் தெற்கே மொன்றியல் பல்கலைக்கழகத்தின் புதிய வளாகம் திறந்தது. நல்ல கட்டடம், மகளைக் கூட்டிப் போய்க் காட்டினேன். அப்புறம் வாடகை ஏறத் தொடங்கியது. புதுப்பிக்கிறோம் என்று சொல்லி ஆட்களை எழுப்பும் கடிதங்கள் வந்தன. இங்குள்ள வாடகைக்காரர் குழு சிறிய அறையில் இருந்துகொண்டு பெரிய சண்டை போடுகிறது, ஆனாலும் ஒவ்வொரு ஜூலை 1க்கும் தெரிந்த முகங்கள் குறைகின்றன.

மூன்றாம் மாடி அண்ணையும் அப்படித்தான் போனார். அவருக்கு 2017இல் நிரந்தர வதிவிடம் கிடைத்தது. குடும்பம் வந்து சேர இன்னும் இரண்டு வருஷம். நாலு பேர் பகிர்ந்த வீட்டில் குடும்பத்தை வைக்க முடியாது, பார்க் எக்ஸில் அவரால் கட்டக்கூடிய வாடகைக்கு வேறு வீடும் கிடைக்கவில்லை. ஸ்காபுறோவில் தமையனின் நிலவறை இருந்தது, போய்விட்டார். அன்றைய தேத்தண்ணிக்குப் பிறகு தெருவில் கண்டு கதைத்து, கோவிலில் கண்டு கதைத்து, நம்பர் மாற்றிக்கொண்டிருந்தோம். வருஷத்தில் இரண்டு மூன்று முறை எடுப்பார். பிரஜையானது 2023இல், கையில் சிறிய கொடியோடு நிற்கிற படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினார். கிரேக்க அம்மாவுக்கும் காட்டு என்று எழுதியிருந்தார். காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

2025 ஏப்ரல் 28ஆம் திகதி இரவு மச்சாளோடு பேசி முடிய, மறுநாள் காலை அண்ணையின் அழைப்பு வந்தது. ஸ்காபுறோவில் வாழ்க்கையில் முதல்தடவையாகக் கனடாவில் வாக்குப் போட்டிருக்கிறார். வரிசை நீளமில்லை, பென்சிலால்தான் கீறவேணும், பேனை தரேல்லை என்றெல்லாம் சொன்னார். யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு, "எங்கட தொகுதியில ஆர் வந்தது?" என்று கேட்டார். எந்தத் தொகுதியை அண்ணை என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். மர்ஜோரி மிஷெல் என்றேன். ஹெயிட்டிப் பெண், தகப்பன் ஸ்மார்க் மிஷெல் அங்கே பிரதமராக இருந்தவர் என்றேன். "அப்ப எங்கட பிரச்சினை தெரிஞ்ச ஆள்," என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டார். கொஞ்ச நேரம் போனில் சத்தமில்லை.

"அந்த மூண்டாம் மாடியில இப்ப ஆர் இருக்கினம் தங்கச்சி?"

தெரியாது அண்ணை என்றேன். அன்று மாலை வேலையால் வரும்போது கேர்ப் தெருவால் நடந்தேன். இரும்புப் படிக்குக் கறுப்பு வர்ணம் புதிதாக அடித்திருந்தார்கள். மூன்றாம் மாடி யன்னலில் பிள்ளைகளின் உடுப்பு காய்ந்தது. அழைப்புமணிப் பக்கத்தில் பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது.